சமவெளிக்கு இளவேனில் உண்டா? மதுரையிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி (வாசகர் ஒருவர்), பிப்ரவரி 26

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளியில் ஒப்பித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் நாற்பத்தைந்து ஆண்டு வாழ்க்கையில் இளவேனில் என்ற ஒன்றை ஒருமுறைகூடக் கண்டதில்லை. தை முடிந்தால் பனி குறைகிறது, பனி குறைந்தால் வெயில் வந்துவிடுகிறது. வசந்தம் என்பது குளிர்நாட்டாரின் அனுபவம், அல்லது வடமொழிக் காவியங்களிலிருந்து நம் பாட்டுகளுக்கு வந்த இரவல் என்பது என் கருத்து. மலைவாசத் தலங்களை விட்டுவிடுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் தங்கள் வீட்டு வாசலில் கண்ணால் கண்டதை வைத்து மறுக்க முடியுமானால் மறுக்கலாம். கவிதை எழுதி அனுப்ப வேண்டாம்.

பிப்ரவரி 28, இரவு

மறுக்கலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. எங்கள் வீடு மதுரைக்கு மேற்கே, நாகமலைத் தொடர் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கிறது. வாசலில் ஒரு வேம்பு, தெருவோரத்தில் ஒரு புங்கை, கொல்லையில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நிற்கின்றன. இன்றைய நிலவரப்படி வேம்பு உதிர்த்துக்கொண்டிருக்கிறது. காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பெருக்கி, இரண்டு கூடைச் சருகை அள்ளிய பிறகும் வாசல் மஞ்சளாகவே கிடக்கிறது. "மரத்தை வச்சவன் பெருக்கட்டும்" என்பது எண்பது கடந்த என் அம்மாவின் தீர்ப்பு. வைத்தவர் என் அப்பா. அவர் இப்போது இல்லாததால் விளக்குமாறு என் கைக்கு வந்திருக்கிறது.

ஆகவே இப்போதைக்கு நான் தரக்கூடிய சாட்சியம், எங்கள் தெருவில் நடப்பது இலையுதிர் காலம் என்பதே. வசந்தத்தைப் பற்றிச் சொல்ல ஏதும் இல்லை. ஆனால் கேள்வி மனதில் உட்கார்ந்துவிட்டது. கண்ணில் படுவதை அவ்வப்போது இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 3

நேற்று அழகர்கோயில் போகும் சாலையில் ஓர் இலவ மரத்தைக் கண்டு வண்டியை நிறுத்தினேன். கிளைகளில் இலை என்று ஒன்றுகூட இல்லை. அந்த மொட்டைக் கிளைகள் முழுவதும், உள்ளங்கை அளவு அகலமுள்ள, தடித்த ஐந்து இதழ்களைக் கொண்ட சிவப்புப் பூக்கள் இருந்தன. மரத்துக்குள் சந்தை இரைச்சல். மைனாக்கள், காகங்கள், இரண்டு கரிச்சான்கள், ஒரு பச்சைக்கிளிக் கூட்டம், இவை தவிர அணில்கள். பூ ஒவ்வொன்றும் தேன் வைத்த கிண்ணம்போல் இருப்பதால், பறவைகள் தலையை உள்ளே விட்டு எடுக்கும்போது நெற்றியெல்லாம் மகரந்தம் அப்பிக்கொள்கிறது. கீழே விழும் பூ மென்மையாக விழுவதில்லை. யாரோ மேலிருந்து கல் எறிந்ததுபோல் தொப்பென்று விழுகிறது. என் தலைக்கவசத்தின் மீதே ஒன்று விழுந்தது.

இந்தச் சாலையில் இருபது ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அந்த மரம் எனக்குப் புதிது. மரம் அங்கேயேதான் நின்றிருக்க வேண்டும்.

மார்ச் 5

திருத்தம். கோவையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: நான் கண்டது இலவு அன்று, முள்ளிலவு. அவர் சொல்வது சரி. தலையணைக்குப் பஞ்சு தரும் இலவ மரத்தின் பூக்கள் சிறியவை, வெளிர்நிறமானவை, இரவில் மலர்ந்து வௌவால்களை அழைப்பவை. சிவப்புப் பூவும், அடிமரத்தில் கூம்பு போன்ற முள்ளும் உடையது முள்ளிலவு. இலவு காத்த கிளியை இத்தனை ஆண்டுகளாக எந்த மரத்தில் உட்கார வைத்துக் கற்பனை செய்துவந்தேன் என்று யோசித்தேன். மரமே இல்லாமல் அந்தரத்தில் உட்கார வைத்திருந்தேன் என்று தெரிகிறது.

மார்ச் 11

நீண்ட குறிப்பு. அவசரமாக இருப்பவர்கள் கடந்து போகலாம்.

வடகம் காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தேன். கூழ் வடகத்தைத் துணியில் பிழிந்துவிட்டு நிமிர்ந்தபோது, தெருவோரப் புங்கை என் கண்மட்டத்தில் நின்றது. சென்ற வாரம் குச்சியாக நின்ற மரம் அது. இன்று அதன் உச்சி முழுவதும் தளிர். அந்தப் பச்சையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வாழைக்குருத்தின் பச்சை அதற்கு அருகில் வருகிறது, ஆனால் வாழைக்குருத்தில் இந்த மினுக்கம் கிடையாது. எண்ணெய் தடவித் துடைத்தாற்போல் ஒவ்வோர் இலையும் வெயிலை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கீழே இறங்கித் தெருவில் நின்று பார்த்தேன். கீழிருந்து பார்த்தால் தூசி படிந்த அடிமரமும் அதில் ஆணியடித்து மாட்டிய விளம்பரத் தகடும் மட்டுமே தெரிகின்றன. மீண்டும் மாடியேறினேன். மூட்டுவலிக்காரன் ஒரே பகலில் நான்கு முறை படியேறியதை வீட்டில் உள்ளவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

வேம்பும் அப்படியே. வாசலில் இன்னும் சருகு விழுந்துகொண்டிருக்கிறது, உச்சிக்கிளைகளிலோ செம்பு நிறத்தில் கொழுந்து விட்டிருக்கிறது. இலையுதிர் காலமும் துளிர்க் காலமும் ஒரே மரத்தில், இரண்டு மாடி உயர இடைவெளியில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. குளிர்நாடுகளில் இவ்விரண்டுக்கும் நடுவே நான்கு ஐந்து மாதப் பனி கிடக்கும். நமக்குப் பத்து நாள்கூட இல்லை என்பதால், பெருக்குபவன் ஒன்றை மட்டுமே காண்கிறான்.

இதில் ஒரு புதிர் உண்டு. மழை பெய்து இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது, அடுத்த நல்ல மழைக்கு இன்னும் நாளாகும், வெயிலோ ஏறிக்கொண்டே போகிறது. இந்த நேரத்தில் ஒரு மரம் எந்தத் துணிச்சலில் புது இலை விடுகிறது? தாவரவியல் படித்த நண்பர் ஒருவர் விளக்கினார். இலை இருக்கும்வரை அதன் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இலையை உதிர்த்துவிட்டால் அந்தச் செலவு நின்றுவிடுகிறது. ஆழத்தில் ஈரம் எட்டும் வேர் உள்ள மரம், அந்த ஈரத்தை உறிஞ்சித் தண்டை நிரப்பிக்கொள்கிறது. தண்டு நிரம்பியதும் அரும்புகள் திறக்கின்றன. பகல்பொழுது நீள்வதைப் பல மரங்கள் நாட்காட்டியாகக் கொள்கின்றன. மழை வரும்போது புழு பூச்சிகள் பெருகும். அதற்குள் இலை முற்றிவிட்டால் இழப்பு குறைவு. கொழுந்தின் செம்பு நிறமும் வீணான அலங்காரமில்லை. பச்சையம் முழுமையாக உருவாகும் முன்னர் வெயிலைத் தாங்க அந்தச் சிவப்பு நிறமி உதவுகிறது.

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. தமிழகச் சமவெளிக்கு வசந்தம் இரண்டு முறை வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வருவது தரையின் வசந்தம். தும்பையும் நெருஞ்சியும் பெயர் தெரியாத புல்பூண்டுகளும் அப்போதுதான் பூக்கின்றன, பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் கிடைப்பதும் அதனால்தான். பங்குனி, சித்திரையில் வருவது மரத்தின் வசந்தம். அப்போது தரை காய்ந்து வெடித்திருக்கும். கேள்வி கேட்டவர் பங்குனியில் தரையைப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். நானும் இருபது ஆண்டுகள் அதையே செய்தேன்.

மார்ச் 12

மேலே எழுதியதை "தமிழகச் சமவெளி" என்று பொதுமைப்படுத்தியது தவறு என்று தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர் கண்டித்திருக்கிறார். அவர் வீட்டைச் சுற்றித் தென்னையும் வாழையும் நெல்வயலும்தான் உள்ளன. அவற்றில் எதுவும் இலை உதிர்த்து இலை விடுவதில்லை. ஒப்புக்கொள்கிறேன். என் சாட்சியம் வைகைக் கரையின் வறண்ட மண்ணுக்கு மட்டும் பொருந்தும். ஆனால் அவர் ஊரிலும் கோயில் குளக்கரையில் ஓர் அரசமரம் இருக்கும். அதன் தளிரை இந்த மாதத்தில் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நரம்பு நரம்பாக ஊடுருவித் தெரியும் இளஞ்சிவப்பு அது.

மார்ச் 20

இன்று பகலும் இரவும் சமம். காலையில் கீழக்குயில்குடிக்குப் போனேன். சமணர்மலை அடிவாரத்தில், தாமரைக் குளத்தையும் ஆலமரங்களையும் ஒட்டிய ஊர். பெயரிலேயே குயில் இருக்கும் ஊரில் குயில் கேட்க வேண்டும் என்பது என் திட்டம். ஊர்ப்பெயருக்கும் பறவைக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியாளர்கள் தயவுசெய்து அமைதி காக்க வேண்டும்.

குயில் கூவியது. மலைப்பாறைகளில் பட்டு அக்குரல் இரண்டாகத் திரும்பியது. படிக்கட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டேன். தாழ்ந்த குரலில் தொடங்கி, ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு படி ஏற்றி, இதற்கு மேல் குரல் உடைந்துவிடும் என்று நாம் பதறும் இடத்தில் சட்டென்று நிறுத்துகிறது. சற்று நேரம் கழித்து அடியிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. வசந்தத்தில் அது வந்து சேர்கிறது என்று நான் எண்ணியிருந்ததும் பிழை. குயில் ஆண்டு முழுவதும் நம் மரங்களிலேயே இருக்கிறது. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் வாயை மூடிக்கொண்டிருப்பதால் நாம் அதை ஊரில் இல்லாதவர் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். இனப்பெருக்கக் காலம் தொடங்கியதும் வாய் திறக்கிறது. காகம் கூடு கட்டத் தொடங்குவதும் இப்போதுதான், குயிலுக்கு அந்தக் கூடு தேவைப்படுகிறது.

மார்ச் 21

நேற்றைய குறிப்பில் "அவள் கூவினாள்" என்று முதலில் எழுதிப் பின்னர் அடித்திருந்தேன், அதைக் கவனித்துவிட்டார்கள். கூவுவது ஆண். அது கரிய நிறமும் சிவந்த கண்ணும் உடையது. பெண் குயிலின் உடல் பழுப்பு, அதன்மேல் வெண்புள்ளிகள். அது "கிக் கிக் கிக்" என்று விரைந்து கத்துவதோடு சரி. கூகூ என்று இழுத்துப் பாடும் வழக்கம் அதற்கு இல்லை.

இந்தப் பிழைக்குத் துணையாக எனக்குப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். ஐங்குறுநூற்றில் "இளவேனிற் பத்து" என்றே ஒரு பகுதி உண்டு. தலைவர் வரவில்லை, பருவம் வந்துவிட்டது என்று பத்துப் பாட்டிலும் தலைவி ஒரே தொடக்கத்தில் குறைபடுகிறாள். முதற்பாட்டில் இனிய குரலில் அழைப்பது குயிற்பெடை. அதே பத்தில் புங்கும் வேம்பும் நுணாவும் வருகின்றன. அவற்றில் புங்கும் வேம்பும் என் வாசலில் நிற்கும் மரங்கள்தாம். வடமொழி இரவல் என்ற கருத்துக்கு இதைவிட நேரான மறுப்பு என்னிடம் இல்லை. கவிதை எழுதி அனுப்ப வேண்டாம் என்றுதான் சொன்னார்; பழைய கவிதையைச் சுட்டக்கூடாது என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். வேனில் என்ற சொல் வெப்பத்தைச் சேர்ந்தது. நம் முன்னோர் இந்தப் பருவத்தைக் குளிரின் முடிவாகக் கொள்ளாமல், வெப்பத்தின் இளமையாகக் கொண்டு பெயரிட்டிருக்கிறார்கள். "பனி போனால் வெயில் வந்துவிடுகிறது" என்று கேள்வி கேட்டவர் புகாராகச் சொன்னாரே, அதுவே இளவேனிலுக்குச் சரியான வரையறை.

மார்ச் 24

எதிர்வீட்டுக்காரர் குயிலைப் பற்றி முறையிட்டார். அதிகாலை நான்கரைக்கே தொடங்கிவிடுகிறதாம், இரவுப் பணி முடிந்து வருபவரால் தூங்க முடியவில்லையாம். நான் எழுதுவதையெல்லாம் அவரும் படித்துவிட்டுத்தான் பேசுகிறார் என்பது பிறகு தெரிந்தது. அவர் பெயரில் இந்த எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

ஏப்ரல் 2

முன்வாசல் விளக்குக்குப் போகும் மின்கம்பியில் ஒட்டடை தொங்குகிறது என்று எண்ணி ஒட்டடைக்கோலை எடுத்து வந்தேன். அடிக்கப் போன நேரத்தில் ஒட்டடைக்குள்ளிருந்து ஒரு மூக்கு நீண்டது. கோலைக் கீழே வைத்தேன்.

ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. கட்டுவது பெண் மட்டும். ஆண் அருகில் உள்ள செம்பருத்தியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டு வீட்டில் ஒரு கருத்து வெளியிடப்பட்டது, அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பெண் ஒவ்வொரு முறையும் எங்கிருந்தோ சிலந்தி நூலை அலகில் சுற்றிக்கொண்டு வருகிறது. அந்த நூலால் நாரையும் சருகையும் பிணைக்கிறது. வெளிப்புறத்தில் மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம், காய்ந்த பூவிதழ் என்று கண்டதையெல்லாம் ஒட்டுவதால், கூடு பார்வைக்குக் குப்பைபோல் இருக்கிறது. குப்பைபோல் தோன்றுவதுதான் அதன் பாதுகாப்பு. இன்னொரு நிமிடத்தில் அதே தோற்றம் அதற்கு எமனாகவும் இருந்திருக்கும். நுழைவாயிலுக்கு மேலே சிறியதாக ஒரு தாழ்வாரம்கூட இறக்கியிருக்கிறது.

இதை எழுதும்போது பழைய குற்றம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆண்டுதோறும் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் ஒட்டியிருக்கிறது என்று தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவந்தேன். அவை எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுக்கள் என்பது மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் தெரிந்தது. பறவைகள் தின்னாமலிருக்க, பறவை எச்சம்போலவே வேடமிட்டிருக்கின்றன. பறவைகளை ஏமாற்றுவதற்குப் போட்ட வேடத்தில் நான் ஏமாந்து, எத்தனை வண்ணத்துப்பூச்சிகளைச் சாக்கடைக்கு அனுப்பினேனோ! இப்போது அச்செடியில் பாதி அவற்றுக்கு, மீதி சாம்பாருக்கு.

ஏப்ரல் 7

புறவழிச்சாலையில் சரக்கொன்றை பூத்துவிட்டது. இலையே தெரியாமல் மஞ்சள் சரம் சரமாகத் தொங்குகிறது. இளவேனிலுக்கு இதைவிட உறுதியான அடையாளம் கிடையாது.

ஏப்ரல் 9

உறுதி என்று எழுதியவனுக்கு உடனே தண்டனை கிடைத்தது. தமிழாசிரியர் ஒருவர் கேட்கிறார்: கொன்றை முல்லைத்திணைக்கு உரியது, கார்காலத்தில் பூப்பது, அதை எப்படி இளவேனிலில் வைத்தீர்? நியாயமான கேள்வி. பருவமல்லாத காலத்து மழையைக் காரென்று தவறாக எண்ணிக் கொன்றை பூத்துவிட்டது, அது அறிவற்ற மரம் என்று தோழி தலைவிக்கு ஆறுதல் சொல்லும் குறுந்தொகைப் பாட்டு மிகவும் அறிமுகமானது. ஆனால் மலையாளிகள் ஏப்ரல் நடுவில் வரும் விஷுவுக்குக் கொன்றைப் பூவைக் கணியில் வைக்கிறார்கள். நம் சாலைகளிலும் அது சித்திரை, வைகாசியில்தான் கொட்டித் தீர்க்கிறது.

என் சொந்த அனுபவத்தில் ஒன்று சொல்லலாம். சரக்கொன்றை கோடையில் பெரிதாகப் பூத்த பின்னர், ஆவணி, புரட்டாசி மழைக்குப் பிறகு இரண்டாம் முறை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சரம் விடுவதைக் கண்டிருக்கிறேன். புலவர்கள் கண்டது அந்த இரண்டாம் பூப்பா, வேறொரு கொன்றையா என்பதை ஆசிரியரிடமே விட்டுவிடுகிறேன். தோழி சொன்னதுபோல் ஏமாந்த மரம் எது, ஏமாந்த ஆள் யார் என்ற கேள்வி மட்டும் என்னிடம் மிஞ்சுகிறது.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்

வேப்பம்பூப் பச்சடி முடிந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பூ கடையில் வாங்குவதில்லை. நேற்று மாலை அம்மா அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, மரத்தடியில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைக்கச் சொன்னார். காலையில் வேட்டி நிறைய பூ. பறித்த பூவில் காம்பும் பிஞ்சும் கலந்துவிடும், தானாக உதிர்ந்த பூவே பச்சடிக்கு நல்லது என்பது அவர் கட்சி. தனித்தனியாகப் பார்த்தால் அது பொட்டு அளவுகூட இல்லாத பூ: ஐந்து வெள்ளை இதழ்கள், நடுவில் மகரந்தத் தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து உருவான ஒரு சின்னக் குழாய். பிப்ரவரியில் "வச்சவன் பெருக்கட்டும்" என்று சொன்ன அதே வாய், இன்று அந்த வேட்டியைச் சுருட்டிக் கட்டும்போது, "இந்தப் பயலுக்குத்தான் இந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்" என்றது. அந்தப் பயல் என்பது என் அப்பா.

மணத்தைப் பற்றி: பகலில் தேடினால் கிடைக்காது. விளக்கு வைத்த பிறகு, தெற்கிலிருந்து காற்று திரும்பும்போது, தேனும் சற்றுக் கசப்பும் கலந்த ஒரு வாசம் கதவு வரை வருகிறது. மின்தடை ஏற்பட்ட இரவுகளில்தான் அதை முழுமையாக அனுபவித்திருக்கிறேன், ஏனென்றால் அப்போதுதான் வாசலில் உட்காருகிறோம்.

மீதிப் பூ மொட்டைமாடியில் காய்கிறது. நெய்யில் வறுத்து ரசத்தில் போட ஓராண்டுக்கு வரும்.

ஏப்ரல் 16

மதியம் 12 மணி 18 நிமிடத்தையொட்டி, மொட்டைமாடியில் நட்டு வைத்த குழாயின் நிழல் காணாமல் போனது. சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை இதேபோல் நிற்கும். வடகத் துணியின் மேல் நின்று இதைக் கொண்டாடியதால் இரண்டு வரிசை வடகம் நசுங்கியது.

ஏப்ரல் 21

அரிட்டாபட்டிக்குப் போய்வந்தேன். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களிலும் சேர்த்து 193 ஹெக்டேர். பாறைக் குன்றுகள், சமணப் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலத்துக் குடைவரை என்று வரலாற்றுக்காரர்கள் கூறுவதை எல்லோரும் அறிவார்கள். பறவை பார்ப்பவர்கள் லகர் வல்லூறுக்காக வருகிறார்கள். என் கண்ணுக்கு அது அகப்படவில்லை.

நான் கண்டது வெட்பாலை. பாறை இடுக்கில், மண் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத இடத்தில், மல்லிகையை நினைவூட்டும் வெள்ளைப் பூவோடு நின்றது. அதன் கீழே கையளவு நிழல், அந்த நிழலில் ஓர் ஓணான். சற்றுத் தள்ளி உசில மரத்தில் பொடிப்பொடியாக வெளிர்மஞ்சள் பூப்பந்துகள். உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்த மரம், தலைக்குத் தேய்க்கும் தூளையும் கொடுத்த மரம். மஞ்சணத்தியும் பூத்திருந்தது. ஐங்குறுநூற்றின் நுணா இதுதான். பச்சை உருண்டை ஒன்றிலிருந்து நாளுக்கு ஒன்றிரண்டாகப் பூ எட்டிப் பார்க்கிறது. பூத்த இடமெல்லாம் கண்போல் தழும்பாகி, அந்த உருண்டை முழுவதும் பழுத்துக் கறுத்ததும் பையன்கள் எறிந்து விளையாடும் பழமாகிறது.

வெயில் அன்று கடுமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பதினோரு மணிக்கு மேல் பாறையில் கை வைக்க முடியவில்லை. அழகைப் பற்றி எழுதும்போது இதை மறைத்தால் கேள்வி கேட்டவர் என்னை நம்ப மாட்டார்.

ஏப்ரல் 29

கம்பிக்கு இடையூறு என்று வேம்பின் தெருப்பக்கக் கிளைகளை வெட்டிவிட்டார்கள். நான் வெளியூர் போயிருந்தேன். கம்பியில் படுவதை வெட்டத்தான் வேண்டும்; ஆனால் கம்பியில் படாத இரண்டு கிளைகளும் போய்விட்டன. தெருவில் பூவும் இளங்காயும் மிதிபட்டுக் கிடந்தன. அம்மா வாசலுக்கு வரவில்லை. தேன்சிட்டுக் கூடு முன்வாசலின் உட்புறம் இருந்ததால் தப்பியது. உள்ளே இரண்டு குஞ்சுகள். வாய் மட்டும் தெரிகிறது.

மே 4

புங்கை பூத்து உதிர்கிறது. சங்கப் புலவர் இதைச் செந்நெல் பொரி சிதறியதற்கு ஒப்பிட்டார். தெருவிலுள்ள சிமென்டுத் தரையில் விழுந்தாலும் அந்த உவமை கெட்டுப்போகவில்லை. அருகில் பார்த்தால் அவரைப்பூ வடிவம், வெள்ளையில் லேசான ஊதா.

கேள்வி கேட்டவர் இரண்டு மாத மௌனத்துக்குப் பின் எழுதியிருக்கிறார். முழுவதும் படித்தாராம், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லையாம். ஆனால் ஒரு தகவல் தருகிறார்: ஆறு ஆண்டுகளாக அலுவலக வாசலில் ஒரு மரத்தின் கீழ் காரை நிறுத்துகிறார், ஒவ்வொரு மே மாதமும் கண்ணாடியில் பொரிபோல் ஏதோ ஒட்டிக்கொள்கிறது என்று காவலாளியிடம் சண்டையிட்டிருக்கிறார். அது என்ன மரம் என்று இப்போது போய்க் கேட்டாராம். காவலாளி, "புங்க மரம் சார், இந்த ஆபீசு கட்டுறதுக்கு முன்னாடியே இருக்கு" என்றாராம்.

மே 10

காலை ஆறரை மணிக்குக் கூட்டிலிருந்து முதல் குஞ்சு செம்பருத்திக்குப் பறந்தது. பறந்தது என்பதைவிட விழுந்து பிடித்துக்கொண்டது என்பது பொருந்தும். இரண்டாவது எட்டு மணி வரை வாயிலில் உட்கார்ந்து யோசித்தது. நான் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன்.

மே 18

வசந்த மண்டபத்தைப் பற்றி யாரும் ஏன் இன்னும் கேட்கவில்லை என்று வியந்துகொண்டிருந்தேன். இன்று ஒருவர் கேட்டுவிட்டார். ஆம், மீனாட்சி கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய புது மண்டபம் வசந்த உற்சவத்துக்காகக் கட்டப்பட்டது. வைகாசியில் சுவாமியும் அம்மனும் அங்கே எழுந்தருள்வார்கள். சுற்றிலும் உள்ள பள்ளத்தில் நீர் நிரப்பிக் காற்றைக் குளிர்விப்பது அதன் ஏற்பாடு. வெயிலைத் தணிக்கப் பள்ளம் வெட்டித்தான் இந்த ஊர் வசந்தத்தை வரவேற்றிருக்கிறது. நான் சிறுவனாகப் போனபோதெல்லாம் அங்கே தையல்காரர்களும் புத்தகக் கடைகளும்தான் இருந்தன. பாவாடை தைக்கக் கொடுத்துவிட்டு, தூண்சிற்பங்களுக்கு நடுவே அக்காவோடு காத்திருந்தது நினைவிருக்கிறது.

மே 25

வாகை பூத்துவிட்டது. மாலையில் மணக்கிறது. மாசி, பங்குனியில் அதன் காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலத்தபோதே இதைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். அப்போது நான் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

காலியான தேன்சிட்டுக் கூட்டை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கவில்லை. நேற்று முதல் பெண் சிட்டு மீண்டும் வந்து அதிலிருந்து சிலந்தி நூலை உருவிக்கொண்டு போகிறது. எங்கே கொண்டுபோகிறது என்று பார்த்தேன்: வேம்பில், வெட்டிய கிளை முனையில் துளிர்த்திருக்கும் கொத்துக்கு.